ஒரு கட்டுச் சுள்ளி



பரீட்சைகள் முடிந்தன. பள்ளிக்கூடங்களுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. நம் சேலம், நாமக்கல் சமவெளி சித்திரை வெயிலில் அடுப்பில் ஏற்றிய தோசைக்கல்லாய்க் காய்கிறது. வசதியுள்ளவர்கள் ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் ஏறுகிறார்கள். மற்றவர்கள் வேப்பமர நிழலைத் தேடுகிறார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நம் வாலிபர்கள் சிலர் என்னைக் கோயில் நடையில் நிறுத்திக்கொண்டார்கள். “சாமி, ராமேஸ்வரம் தீவுக்குப் போறோம். பத்து நாள். மூணு நாள் சுத்திப் பாக்கிறது. மிச்ச நாள் அங்கே ஒரு கோயில்ல ஏதாச்சும் ஊழியம் செய்யிறது. அந்த ஊர்ச் சாமிக்கு ஒரு கடிதம் கொடுங்க” என்றார்கள். எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. கடிதமும் கொடுத்தேன். ஆனால் கடிதத்தோடு சொல்லி அனுப்ப வேண்டிய புத்திமதி ஒன்று மனத்தில் தங்கிவிட்டது. அது அவர்களுக்கு மட்டுமல்ல, அவர்களை அனுப்பும் தாய் தகப்பனுக்கும், எங்கும் போகாமல் வீட்டிலிருக்கும் நமக்கும் பொருந்தும். ஆகையால் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

அப்போஸ்தலர் நடபடி ஆகமத்தின் 28-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அர்ச். சின்னப்பர் கைதியாய் ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படுகிறார். பதினாலு நாள் புயலில் அலைக்கழிந்த கப்பல் கரைதட்டி உடைகிறது. அதிலிருந்த 276 பேரும் நீந்தியும், பலகைகளைப் பற்றிக்கொண்டும் ஒரு தீவில் கரையேறுகிறார்கள். அதுதான் மால்டா தீவு. மழை பெய்கிறது, குளிர் நடுக்குகிறது. வேற்று மொழி பேசும் அத்தீவு மக்கள், வந்தவர்கள் யார், என்ன குற்றம் செய்தவர்கள் என்று விசாரியாமல், நெருப்பு மூட்டி அவர்களைக் குளிர்காய வைக்கிறார்கள்.

அப்போது சின்னப்பர் என்ன செய்தார்? பிரசங்கம் செய்தாரா? அற்புதம் செய்தாரா? அவையெல்லாம் பிறகு. முதலில் அவர் குனிந்து சுள்ளி பொறுக்கினார். ஒரு கட்டுச் சுள்ளியைச் சேர்த்து, பிறர் மூட்டிய அந்த நெருப்பில் போட்டார். புறஜாதியாரின் அப்போஸ்தலர் அந்தத் தீவில் செய்த முதல் திருப்பணி அதுவே. இந்தச் சின்னச் செய்தியை அர்ச். லூக்காஸ் மறவாமல் எழுதிவைத்தது வீணுக்கல்ல. அதில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு.

முதற்பாடம்: தீவுக்குப் போகிறவன் முதலாவது விருந்தாளி.

சின்னப்பர் கொடுப்பதற்கு முன் பெற்றுக்கொண்டார். பிறர் மூட்டிய நெருப்பில் குளிர்காய அவர் வெட்கப்படவில்லை. நாமோ, “ஊழியம் செய்யப் போகிறோம்” என்று சொன்ன மாத்திரத்தில், நாம் கொடுக்கிறவர்கள், அவர்கள் வாங்குகிறவர்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். இது பெரிய மயக்கம்.

நாம் அந்தத் தீவுக்குப் பட்டிருக்கும் கடன் கொஞ்சமா? நாமக்கல் சீமையின் முட்டையைப் புகழாதவர் இல்லை. அந்தக் கோழிகள் தின்னும் தீவனத்தில் கடற்கரைக் கருவாடும் கலந்திருக்கிறது. ராமேஸ்வரத்து மீனவர் வலையில் விழும் மீனில் விலைபோகாத சிறுமீனைச் ‘சங்காயம்’ என்பார்கள். அதைக் காயவைத்து நம் பக்கத்துப் பண்ணைகளுக்கு அனுப்புகிறார்கள். காலையில் நம் பிள்ளை தின்னும் முட்டையில், நடுக்கடலில் விழித்திருந்த ஒரு மனிதனின் உழைப்பு இருக்கிறது.

இன்னும் கேளுங்கள். நம் சேலம் ஜில்லாவிலிருந்தும் அக்கம்பக்கத்துச் சீமைகளிலிருந்தும் பஞ்சம் பிழைக்க இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் மண்டபம் முகாமில் தங்கி, சோதனை முடிந்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். 1914-ல் பாம்பன் பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கிய நாள்முதல் 1964 வரை அதுவே முக்கிய வழி. அந்த மணலில் நம் முன்னோரின் கால் பதிந்திருக்கிறது. ஆகவே அந்தத் தீவு நமக்கு அந்நியமல்ல.

இங்கே என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் குருமடத்தில் படித்த காலத்தில் ஒரு கோடை விடுமுறையில் நாங்கள் நாலு பேர் தனுஷ்கோடி பார்க்கப் போனோம். இன்று அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. 2017-ல்தான் அது திறக்கப்பட்டது. அன்று மணலில் வேனில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு, பாலன் பிறப்புத் திருநாளுக்கு மூன்றே நாள் இருக்கையில், கடல் பொங்கி அந்த ஊரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும், அதிலிருந்த 100-க்கும் மேற்பட்ட ஆத்துமங்களையும் அலை வாரிக்கொண்டது. ஸ்டேஷன் போயிற்று, தபாலாபீஸ் போயிற்று, கோயிலும் போயிற்று. கூரையில்லாமல், பவளக்கல் சுவர்கள் மட்டும் நின்றன.

நாங்கள் போனது உச்சிவேளை. அந்தக் கோயில் சுவரின் நிழலில் உட்கார்ந்து புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். இலையையும் காகிதத்தையும் அங்கேயே எறிந்தோம். நான் ஒரு கிளிஞ்சலை எடுத்து அந்தச் சுவரில் என் பெயரைக் கீறினேன். படமும் எடுத்துக்கொண்டோம்.

சங்கு மாலை விற்கும் கிழவி ஒருத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எழுந்ததும், “நல்லாப் பாத்தாச்சா தம்பி?” என்று கேட்டாள். “பார்த்தாச்சு பாட்டி” என்றேன். “நீங்க சோறு தின்ன எடத்துலதான் பீடம் இருந்துச்சு. அதுக்கு முன்னாலதான் எங்க அக்காளுக்குத் தாலி கட்டுனாக. புயல்ல அவளும் போனா, அவ பிள்ளைகளும் போச்சு” என்றாள். கோபமாய்ச் சொல்லவில்லை. ஊருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

நாங்கள் சாமியாருக்குப் படிக்கிறவர்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. தலை குனிந்து இலைகளைப் பொறுக்கினோம். அவளோ, “அந்தக் குடத்தைக் கொஞ்சம் குடிசை வரைக்கும் தூக்கிட்டு வாங்க தம்பி” என்றாள். இரண்டு பக்கமும் உப்புக்கடல். நடுவே மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. அப்படி ஊறியதைச் சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்பிய குடம் அது. நான் சுமந்து போனேன். குடிசையில் இறக்கிவைத்ததும் அதிலிருந்து முதல் செம்புத் தண்ணீரை எங்களுக்குத்தான் கொடுத்தாள்.

திரும்பும்போது சுவரில் என் பெயரை அழித்துப் பார்த்தேன். பவளக்கல்லில் கீறியது அழியவில்லை.

இரண்டாம் பாடம்: கண்ணுக்கு முன் கிடக்கிற வேலையைச் செய்.

பிரியமான பிள்ளைகளே, தீவைச் சுற்றிப் பார்ப்பது பாவமல்ல. சர்வேசுரன் கடலைப் படைத்தது நாம் கண்ணை மூடிக்கொள்வதற்கு அல்ல. பாருங்கள், நன்றாய்ப் பாருங்கள். 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் திறந்துவைக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தைப் பாருங்கள். நூறு வருஷத்துக்கு மேல் உழைத்த பழைய பாலத்தையும் எண்ணிப் பாருங்கள். 1964 புயலில் அது சிதைந்தபோது, ஸ்ரீதரன் என்னும் இளம் எஞ்ஜினீயரின் பொறுப்பில் 46 நாளில் அதைச் செப்பனிட்டார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ராமநாதசுவாமி கோயிலின் நீண்ட பிராகாரத்தையும், வடதேசத்திலிருந்து வந்து தீர்த்தமாடும் மக்களையும் பாருங்கள். ஆனால் பிறருடைய பக்தியை வேடிக்கைப் பொருளாக்காதீர்கள். அந்தத் தீவில் 1931-ல் பிறந்த அப்துல் கலாம், இமாமாகிய தம் தகப்பனாரும், கோயில் சாஸ்திரிகளும், நம் கத்தோலிக்கக் குருவானவரும் கூடியிருந்து ஊர்க் காரியம் பேசியதைப் பிற்காலத்தில் எத்தனையோ மேடைகளில் நினைவுகூர்ந்தார். அப்படிப்பட்ட ஊருக்குப் போகிறோம் என்பதை மறவாதீர்கள்.

பார்த்த பின் குனியுங்கள். நீங்கள் போகும் காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் குஞ்சு பொரித்துப் பெருகும்படி விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகுகள் கரையில் நிற்கும். ஆண்கள் வலை பின்னுவார்கள், படகுக்கு வர்ணம் பூசுவார்கள். வீட்டிலே வருமானம் சுருங்கும். அந்த நாளில் விருந்தாளியாய்ப் போகிறவன், அவர்கள் வீட்டுச் சோற்றை எண்ணிப் பார்த்துச் சாப்பிட வேண்டும். நம் ஊரில் மாம்பழக் காலமல்லவா? வெறுங்கையோடு போகாமல் மல்கோவாவும் குண்டும் ஒவ்வொரு கூடை எடுத்துக்கொண்டு போங்கள்.

அங்கே போய், “நாங்கள் இதைச் செய்வோம், அதைச் செய்வோம்” என்று திட்டம் வாசிக்காதீர்கள். பங்குச் சுவாமியாரிடத்திலும் கோயில்பிள்ளையிடத்திலும், “எது செய்ய ஆளில்லாமல் கிடக்கிறது?” என்று கேளுங்கள். கோயிலைப் பெருக்குவதாயிருக்கலாம், சுண்ணாம்பு அடிப்பதாயிருக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் கணக்கும் சொல்லிக்கொடுப்பதாயிருக்கலாம், கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக்கையும் அறுந்த வலையையும் பொறுக்குவதாயிருக்கலாம். தீவுப் பெண்களில் பலர் கடலில் முங்கிப் பாசி எடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். அவர்கள் போய்வரும் வரையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாயும் இருக்கலாம். எதுவானாலும் அது உங்கள் சுள்ளி. பெரிய விறகைத் தேடி நிற்காதீர்கள். வரும்போது பவளத் துண்டு ஒன்றைக்கூட எடுத்து வராதீர்கள். சட்டமும் தடுக்கிறது, கடலும் வறுமைப்பட்டிருக்கிறது.

பாலம் ஏறுமுன் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளை என்னும் ஊர் இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தி ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். 1549-ல் அந்தோனி கிரிமினாலி என்னும் இத்தாலிய சேசு சபைக் குரு அந்தக் கரையில் கொல்லப்பட்டார். அச்சபையின் முதல் வேதசாட்சி என்று போற்றப்படுகிறவர் அவர். ராமேஸ்வரத்துக்குப் போகும் யாத்திரிகர்களை மறித்துப் போர்த்துக்கேயர் காசு வாங்கியதாலே அந்தச் சண்டை மூண்டது. அதாவது, கிறிஸ்தவப் பெயர் சூடியவர்கள் பிறருடைய யாத்திரைக்குத் தடைபோட்டார்கள். அதன் பலனை ஒரு குற்றமற்ற குரு சுமந்தார். படை வந்தபோது அவர் பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றினார், தாம் ஏறவில்லை. படகில் ஒருவரைக் கைதூக்கி விடுவது சின்ன வேலை. ஆனால் அந்தச் சின்ன வேலையிலே அவர் தம் உயிரை விட்டார்.

நம் சீமைக்கு வேதம் வந்ததும் இப்படிப்பட்ட விருந்தாளி ஒருவராலேதான். தத்துவ போதக சுவாமி என்னும் ராபர்ட் தெ நொபிலி 1623-ல் சேந்தமங்கலத்துக்கும், அங்கிருந்து சேலத்துக்கும் வந்தார். அவர் நம் பாஷையைக் கற்றார், நம் உணவை உண்டார், நம் உடையை உடுத்தார். முதலில் கேட்டார், பிறகு பேசினார். முதிர்ந்த வயதில் அவரும் கடல் தாண்டி யாழ்ப்பாணம் போனார். கடைசியில் மயிலாப்பூரில் தங்கி 1656-ல் மரித்தார். அந்த மனிதர் அன்று ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால், இன்று நம் கோயில் மணி ஏது?

மூன்றாம் பாடம்: சுள்ளிக்கட்டுக்குள் பாம்பு உண்டு.

சின்னப்பர் சுள்ளியை நெருப்பில் போட்டபோது, சூடு தாங்காமல் ஒரு விரியன் பாம்பு வெளியே வந்து அவர் கையைக் கவ்விக்கொண்டது. அதைக் கவனியுங்கள். அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் பாம்பு கடித்திராது. நற்செய்கை செய்யப் போன கையில்தான் அது தொங்கியது.

நாம் செய்யும் தர்மத்திலும் ஊழியத்திலும் இப்படி ஒரு பாம்பு ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் வீண் மகிமை. பத்து நாள் உழைக்கிறோம். பதினோராம் நாள் அதைப் பத்துப் பேரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏழைப் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம். கொடுக்கும்போது கைப்பேசியில் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்புகிறோம். அந்தப் பிள்ளையின் வறுமையை நம் பெயருக்குச் சட்டமாக்கி மாட்டுகிறோம். நான் பவளக்கல்லில் பெயர் கீறினேன் என்றேனே, என் பாம்பு அதுதான். குரு ஆன பிறகும் அது பல தடவை தலை நீட்டியிருக்கிறது.

தீவு மக்கள் சின்னப்பரைப் பார்த்து முதலில், “இவன் கொலைகாரன், அதனால்தான் பாம்பு கடித்தது” என்றார்கள். அவர் கை வீங்காததைக் கண்டதும், “இவர் தெய்வம்” என்றார்கள். இரண்டும் தவறு. இகழ்ச்சியும் தவறு, புகழ்ச்சியும் தவறு. சின்னப்பர் எதற்கும் மயங்காமல் பாம்பை நெருப்பிலே உதறினார். நீங்களும் உதறுங்கள். செய்த வேலையைச் செய்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். படம் எடுக்க வேண்டுமானால் கடலைப் படம் எடுங்கள், அது வெட்கப்படாது.

சின்னப்பர் அந்தத் தீவில் மூன்று மாதம் இருந்தார். தீவின் தலைவனுடைய தகப்பன் காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் கிடந்தபோது, செபித்துக் கைவைத்துக் குணமாக்கினார். புறப்படும்போது தீவு மக்கள் வழிக்கு வேண்டியதையெல்லாம் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். யார் யாருக்கு ஊழியம் செய்தார்கள் என்று கணக்குப் பார்க்க அங்கே இடமே இல்லை.

தாய்மாரே, தகப்பன்மாரே, “விடுமுறையில் பிள்ளை உடம்பை வருத்துவானேன்?” என்று தடுக்காதீர்கள். கோடை வகுப்பில் கற்காத ஒன்றை அவர்கள் அந்தக் கரையில் கற்பார்கள். திரும்பி வந்ததும், “என்னவெல்லாம் பார்த்தாய்?” என்று மட்டும் கேளாமல், “யார் வீட்டில் தண்ணீர் குடித்தாய்?” என்றும் கேளுங்கள்.

எங்கும் போக முடியாத பங்கு மக்களே, உங்களுக்கும் சுள்ளி கிடக்கிறது. 1983 முதல் அதே கடலைத் தாண்டி, தனுஷ்கோடி மணலிலும் மற்றக் கரைகளிலும் நனைந்த துணியோடு இறங்கிய இலங்கைத் தமிழர்களில் பலர், இன்றும் நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மறுவாழ்வு முகாம்களில் குடியிருக்கிறார்கள். கப்பல் உடைந்து கரையேறியவர்கள் அவர்கள். இங்கே தீவு மக்கள் நாம். அவர்களுக்கு நெருப்பு மூட்டினோமா? அவர்கள் பெயராவது நமக்குத் தெரியுமா? இந்த விடுமுறையில் ஒரு மாலை, ஒரு கூடை மாம்பழம், அவர்கள் திண்ணையில் ஒரு மணி நேரம். இதற்குக் கடிதம் வேண்டாம், வேன் வேண்டாம்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் நம் வாலிபர்கள் புறப்படுகிறார்கள். அவர்களுக்காக ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். சமுத்திரத்தின் நட்சத்திரமாகிய தேவமாதா அவர்களைப் பத்திரமாய் அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருவார்களாக. பசித்தவனும் அந்நியனுமாய் நம்மிடம் வருகிறவர் தாமே என்று சொன்ன சேசுநாதர், அவர்களுடைய கண்ணுக்கு நல்ல காட்சியையும், கைக்கு ஒரு கட்டுச் சுள்ளியையும், அதை உதறிப் பார்க்கும் விவேகத்தையும் தந்தருள்வாராக.

ஆமென்.